கொரிய வீட்டில் ஒரு பிறந்த நாள்

வாசகர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பிறந்த நாள் வந்தால் என்ன நடக்கும்? காலையில் எண்ணெய் வைத்துத் தலைமுழுக்கு. கையில் காசிருந்தால் புதுச் சட்டை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பிள்ளையின் நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை. மாலையில் பட்டணத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த கேக், ஒரு சட்டி மீகூன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் மிட்டாய். பிள்ளை மெழுகுவர்த்தியை ஊதும், எல்லாரும் கை தட்டுவார்கள், படம் பிடிப்பார்கள். அந்தப் படங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பாதிப் படங்களில் பிள்ளையைப் பெற்றவள் இருக்க மாட்டாள். அவள் அடுப்படியில் மீகூன் கிண்டிக்கொண்டிருப்பாள்.

இதே பிறந்த நாளை வேறொரு கணக்கில் கொண்டாடுகிற நாடு ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்த நாள் காலையில் பிள்ளைக்கு வைக்கிற சாப்பாடு, அந்தப் பிள்ளையைப் பெற்ற கையோடு தாய் சாப்பிட்ட பத்தியச் சாப்பாடு. ஐந்து வயதுப் பையனானாலும் சரி, ஐம்பது வயது லாரி டிரைவரானாலும் சரி, அன்று காலை அவன் முன் வைக்கப்படுவது பிள்ளை பெற்றவளின் சூப்புதான். அந்தச் சூப்பை நானும் ஒரு பிறந்த நாளில் குடித்தேன். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கொரிய மொழி படிப்பதற்காகத் தென் கொரியாவுக்குப் போனேன். பத்து மாதப் படிப்பு. விடுதியில் தங்கினால் மொழி வராது, ஒரு குடும்பத்தோடு தங்கினால்தான் நாக்குப் புரளும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், அப்படியே ஏற்பாடாயிற்று. கோலாலம்பூரிலிருந்து சியோலுக்கு ஆறரை மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து விரைவு ரயிலில் தெற்கே இரண்டரை மணி நேரம் போனால் பூசான். நாட்டின் இரண்டாவது பெரிய பட்டணம். நம் பினாங்கைப் போல ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல், நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் வீடு. ஆனால் ஜனத்தொகை 30 லட்சத்துக்கும் மேல். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போது வடக்கேயிருந்து ஓடி வந்த அகதிகள் அந்தக் குன்றுகளின் மேல் குடிசை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சரிவுகளில் இன்றும் வீட்டின் மேல் வீடாக அடுக்கிக் கிடக்கிறது. ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துவிடும்.

நான் தங்கிய வீடு பட்டணத்தின் வடகிழக்கு ஓரத்தில், கிஜாங் என்னும் பகுதியில் இருந்தது. (கிஜாங் என்றதும் உங்களுக்கு மான்தான் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. அங்கே ஒரு மானையும் நான் காணவில்லை.) 1995-ஆம் ஆண்டில்தான் அந்தப் பகுதியைப் பூசானோடு சேர்த்தார்கள். பாதி பட்டணம், பாதி மீனவர் கிராமம். வீட்டில் இரண்டே பேர். ஐயா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அம்மாவுக்குச் சந்தையில் ஒரு சிறிய கருவாட்டுக் கடை. பிள்ளைகள் இருவரும் வேலைக்காகச் சியோலுக்குப் போய்விட்டதால் ஓர் அறை காலியாகக் கிடந்தது.

முறை வைத்து அழைக்காவிட்டால் அந்த நாட்டில் வாயே திறக்க முடியாது. மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நம்மிடம் போலவே அங்கும் மரியாதைக் குறைவு. முதல் நாளே அந்த அம்மா, “என்னை இமோ என்று கூப்பிடு” என்று தீர்த்துவிட்டார். இமோ என்றால் தாயோடு பிறந்தவள், நமக்குச் சின்னம்மா. கொரியப் பிள்ளைகள் தகப்பனை ‘அப்பா’ என்றேதான் கூப்பிடுகிறார்கள். தாயை ‘ஒம்மா’ என்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் “அப்பா!” என்று தெருவில் கத்தியபோது நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். இதை வைத்துக்கொண்டு இரண்டு மொழியும் உடன்பிறப்பு என்று கோட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ மொழிகளில் குழந்தையின் உதட்டில் முதலில் வருவது மகரமும் பகரமும்தான். ஆகவே நான் கோட்டை கட்டவில்லை. ஆனாலும் குளிர்கால இரவில் அந்தச் சொல் காதில் விழும்போது நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது.

சூப்பைச் சொல்வதற்கு முன் சரக்கைச் சொல்ல வேண்டும். கடல்பாசி என்றால் நமக்குத் தீபாவளிக்குச் சீனி போட்டு, பால் ஊற்றி, கலர் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி வில்லை போடுகிற பலகாரம். அதுவும் கடற்செடியிலிருந்து எடுப்பதுதான். ஆனால் இனம் வேறு. கொரியர்கள் ‘மியோக்’ என்று சொல்வது, காற்றில் கிழிந்த வாழையிலை போலத் தொங்கும் ஒரு வழுவழுப்பான இலை. ஈரமாயிருக்கும்போது கரும்பச்சை, காய்ந்தால் கறுப்பு. கிஜாங் கடற்கரை இதற்குப் பேர் போனது. அங்கே நீரோட்டம் வேகம். அலையோடு மல்லுக்கட்டி வளர்வதால் இலை கெட்டியாயிருக்கும், எவ்வளவு கொதித்தாலும் குழையாது என்பார்கள். அந்தக் காலத்தில் அரண்மனைக்கே போன சரக்கு என்று ஊர்க்காரர்கள் மார்தட்டுவதையும் கேட்டிருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் நாற்றுப் பிடித்த கயிறுகளைக் கடலில் கட்டி மிதக்க விடுகிறார்கள். குளிர் ஏற ஏறச் செடி வளர்கிறது. டிசம்பரில் தொடங்கி வசந்த காலம் வரை அறுவடை. நம் ஆட்கள் வெட்டுக்காட்டுக்குப் போவது போல இருட்டோடு படகில் போகிறார்கள். வெயில் ஏறும்போது படகு நிறைய ஈர இலையோடு கரைக்குத் திரும்புகிறார்கள். கரையில் காத்திருக்கும் பெண்கள் அதை நீட்டி, சுருக்கம் எடுத்து, சட்டங்களின் மேல் பரப்பி, கடற்காற்றில் காய விடுகிறார்கள். சிலர் கயிற்றில் தொங்கவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நம் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு தொங்குகிற மாதிரியே இருக்கும். புகை நாற்றத்துக்குப் பதில் உப்பு நாற்றம், அவ்வளவுதான்.

ஐயாவின் தாயார் அந்தக் கடலோரக் கிராமத்தில் தனியே இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். ஹல்மொனி என்று கூப்பிடுவோம். பாட்டி என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இமோவும் போய் அவருக்குக் கைகொடுப்போம். கைகொடுப்பதாவது! அரை மணி நேரத்தில் என் விரல்கள் விறைத்துப் போகும். பாட்டியோ ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, குந்தியபடியே மத்தியானம் வரை இலை நீவிக்கொண்டிருப்பார். நம் தோட்டத்துப் பாட்டிமார்களின் முதுகுதான் அவருக்கும்.

அங்கே ஒரு நாள் கண்ட காட்சியைச் சொல்கிறேன். ஓர் இளைஞன் காரில் வந்து இறங்கினான். மனைவிக்கு மாதம் என்றான். ஹல்மொனி மற்ற வேலையை விட்டுவிட்டு எழுந்தார். இருப்பதிலேயே நீளமும் அகலமுமான இலைகளாகப் பொறுக்கினார். மடிக்கவில்லை, ஒடிக்கவில்லை. இரண்டு முழ நீளத்துக்கு அப்படியே வைத்து வைக்கோல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். காரில் அதை நேராக வைக்க இடமில்லை. பின் ஆசனத்தைச் சாய்த்து, பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்திக்கொண்டு போனான். விலையும் பேசவில்லை, கேட்ட பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தான்.

விஷயம் இதுதான். பிள்ளை பெறப் போகிறவளுக்கு வாங்கும் மியோக்கை மடிக்கவோ ஒடிக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் பேறுகாலம் கஷ்டமாகும் என்பது நம்பிக்கை. அதற்கு விலை குறைத்துக் கேட்கவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. கருவாட்டுக்கு ஒரு காசு விடாமல் பேரம் பேசுகிற சனங்கள் இதற்கு வாய் திறப்பதில்லை. பிள்ளை பிறந்ததும் தாய்க்கு முதல் சாப்பாடு சோறும் இந்த இலைச் சூப்பும்தான். அதற்குப் பிறகு மூன்று வேளையும் அதே சூப்பு. தாய்த் திமிங்கிலம் குட்டி போட்டதும் கடற்பாசியைத் தேடித் தின்பதைப் பார்த்துத்தான் மனிதர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு பழங்கதையும் உண்டு. இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில். அதன் பிறகு இரண்டு வாரம் தாயும் சேயும் தங்கிப் பத்தியம் பார்க்கத் தனி நிலையங்களே பெருகிவிட்டன. செலவு கொஞ்சமில்லை. அங்கேயும் தட்டில் இந்தச் சூப்புதான் வருகிறது.

நம் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது உங்களுக்குத் தெரியும். கொரியாவில் முன்பெல்லாம் பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் இடப்பக்கமாக முறுக்கிய வைக்கோல் கயிறு ஒன்றைக் கட்டுவார்களாம். ஆண் பிள்ளையென்றால் அதில் சிவப்பு மிளகாய். பெண் பிள்ளையென்றால் கரித்துண்டும் பைன் மரக் கொப்பும். அந்தக் கயிறு தொங்கும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. கணக்கு, மூன்று ஏழு 21 நாள். அதோடு, பிள்ளை வரம் தந்து பேற்றையும் காக்கிற ஒரு தெய்வப் பாட்டி இருக்கிறாள். சம்சின் ஹல்மொனி என்று பேர். அவளுக்குச் சோறும், சூப்பும், தண்ணீரும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பிள்ளை பெற்றவள் சாப்பிடுவாள். இமோ இதைச் சொல்லச் சொல்ல எனக்கு நம் பெரியாச்சி கண் முன் வந்து நின்றாள். முப்பதாம் நாள் படையல் போட்டுக் கும்பிடுகிறோமே, அதே பெரியாச்சி. சில குழந்தைகளுக்குப் பின்புறத்தில் நீலமாக ஒரு மறு இருக்கும், பார்த்திருப்பீர்கள். வெளியே வரத் தயங்கிய குழந்தையை, “போ, போ” என்று அந்தப் பாட்டி தட்டி அனுப்பிய அடையாளமாம் அது!

அந்தப் பக்கத்தில் கடற்பாறையின் மேல் 1376-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட புத்தர் கோயில் ஒன்றும் இருக்கிறது. அங்கே ஒரு புத்தர் சிலையின் வயிற்றைத் தடவினால் ஆண் பிள்ளை பிறக்கும் என்று தடவித் தடவி வயிறு கறுத்தே போய்விட்டது. ஊரில் என் அண்ணி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். ஆனாலும் நான் தடவவில்லை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளைக்குத்தான் ஆசை.

இனி வயதுக் கணக்குக்கு வருவோம். அது ஒரு வேடிக்கை. கொரியர்கள் பரம்பரையாகக் கணக்கிட்ட முறைப்படி, பிறந்தவுடனே பிள்ளைக்கு வயது 1. அதற்குப் பிறகு பிறந்த நாளுக்குக் காத்திருக்காமல், ஜனவரி முதல் தேதி வந்தால் ஊரில் எல்லாருக்கும் ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! நான் பிறந்தது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி. ஆகவே 2023 ஜனவரியில் நம் கணக்கில் 22 வயதாக இருந்த நான், அந்த வீட்டில் 24 வயதுக்காரி. அரசாங்கமே இந்தக் குழப்பம் தாங்காமல், 2023 ஜூன் 28 முதல் உலகக் கணக்கையே பொதுக் கணக்காகச் சட்டமாக்கிவிட்டது. ஒரே இரவில் நாடு முழுவதும் வயது குறைந்தது. இமோவுக்கு அன்று வாயெல்லாம் பல்.

பிறந்த நாளைக் குறிப்பதிலும் இரண்டு வழி. இளையவர்கள் நம் காலண்டர் தேதியைப் பார்க்கிறார்கள். மூத்தவர்களில் பலர் இன்னும் சந்திர மாதக் கணக்கை விடவில்லை. “உன் பிறந்த நாள் சூரியனா, சந்திரனா?” என்று இமோ கேட்டார். நான், பிறந்த சூராட்டில் உள்ள தேதி ஒன்று, மாசி மாதம் ரோகிணி நட்சத்திரம் இன்னொன்று என்று விளக்கினேன். “அப்படியானால் உனக்கு எங்களை விட வசதி. இரண்டு நாளும் கொண்டாடலாம்” என்றார். ஐயாவின் அறுபது வருஷப் பேச்சும் அப்போதுதான் வந்தது. கொரியாவிலும் ஆண்டுகளுக்கு அறுபது பேர் உண்டு. அறுபது முடிந்து பிறந்த ஆண்டே திரும்பி வருவதை ஹ்வாங்காப் என்று சொல்லிக் கொண்டாடுவார்கள். நம் அறுபதாம் கல்யாணம் மாதிரி. ஐயா 1963-இல் பிறந்தவர். 2023-இல் அவருடைய முயல் வருஷம் திரும்பி வந்தது. நான் நம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1963 சித்திரையில் பிறந்தது சோபகிருது வருஷம். 2023 சித்திரையில் பிறந்ததும் சோபகிருதுதான். ஐயா பேருந்துக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழ் வருஷத்தின் பேரைக் கொரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் எல்லாரும் நீண்ட காலம் இருப்பதால் ஹ்வாங்காப்பைப் பெரிதாக யாரும் செய்வதில்லையாம். எங்காவது சுற்றுப்பயணம் போய்விட்டு, எழுபதுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரியில் என் நாள் வந்தது. அன்று காலை ஆறரை மணிக்கே நல்லெண்ணெய் வாசம் என்னை எழுப்பியது. ஆம், நம் நல்லெண்ணெய்தான். அவர்கள் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுவதால் மணம் இன்னும் தூக்கலாக இருக்கும். காய்ந்த மியோக்கில் ஒரு பிடி எடுத்து நீரில் ஊறப் போட்டால் அரை மணிக்குள் ஒரு சட்டி நிறைந்துவிடும். அதை அலசிப் பிழிந்து, நறுக்கி, நல்லெண்ணெயில் பூண்டோடு வதக்கி, தண்ணீர் ஊற்றி, சோயா ரசம் விட்டு நிதானமாகக் கொதிக்க வைக்கிறார்கள். பொதுவாக மாட்டிறைச்சி போட்டுத்தான் வைப்பார்கள். நான் அதைத் தொடமாட்டேன் என்று இமோவுக்குத் தெரியும். கிஜாங் பக்கத்தில் மீன் போட்டு வைப்பதும் வழக்கம்தான். காஜாமி என்று ஒரு தட்டை மீன். நம் ஊர் நாக்கு மீன் ஜாதி. முந்தின நாளே சந்தையிலிருந்து வாங்கி, பக்குவம் பண்ணி வைத்திருந்தார்.

சோறு, சூப்பு, வறுத்த மீன், கிம்ச்சி. வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. மீன் சாறு இறங்கி, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது சூப்பு. முதல் கரண்டியில் கடல் தெரிந்தது. இரண்டாவது கரண்டியில் பூண்டும் எண்ணெயும் தெரிந்தன. இலை நாக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. (அந்த வழுக்கலுக்குப் பயந்துதான் பரீட்சை நாளில் இந்தச் சூப்பை யாரும் குடிப்பதில்லை. ‘மியோக்குக் குடித்தான்’ என்றால் அங்கே ‘தேர்வில் கோட்டை விட்டான்’ என்று பொருள். என் மொழித் தேர்வன்று இமோ அந்தச் சட்டியையே ஒளித்து வைத்துவிட்டார்.)

நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இமோ கேட்டார்: “உன் அம்மா உன்னைப் பெற்றதும் என்ன சாப்பிட்டார்?”

இருபத்து மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. “போன் போட்டுக் கேள். இன்று அவர் பாடுபட்ட நாள். உனக்கு வாழ்த்துச் சொல்வது அப்புறம்” என்றார். கொரியாவில் மணி எட்டு என்றால் நம் நாட்டில் ஏழு. எங்கள் தோட்டத்தில் ரப்பரெல்லாம் போய்ச் செம்பனை வந்து வருஷங்களாகின்றன. அம்மா நர்சரியில் நாற்றுக்கு வேலை செய்கிறார். அன்று அவருக்கு ஓய்வு நாள். கைப்பேசியில் முகம் தெரிந்தது. வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவரிடம் நான் இதைக் கேட்டேன்.

“என்ன தாயி, இப்பப் போயி இதக் கேக்கிற?” என்று சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

அது இலையுதிர்ந்த காலம். பால் குறைவு. ஒன்பதாம் மாதம் முடிந்தும் அம்மா பெரட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாராம். அன்று பாதி மரம் வெட்டும்போதே இடுப்பு வலி எடுத்துவிட்டது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டுக் கங்காணியைக் கூப்பிட ஓடினாள். தோட்டத்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் கிடைத்தது கஞ்சியும் மைலோவும். மூன்றாம் நாள் லயத்துக்குத் திரும்பியபோது பத்தியம் பார்க்க ஆளில்லை. என் பாட்டி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டிருந்தார்.

“ஆயாக்கொட்டகையில பிள்ள பாத்துக்கிட்டிருந்துச்சே ஆயா, அதுதான் வந்து அடுப்பு மூட்டுச்சு. ஒங்கப்பாவக் கூப்பிட்டு, சுறா வாங்கிட்டு வா, புட்டு அவிக்கணும்னு அனுப்புச்சு. மனுசன் மோட்டார்ல பட்டணத்துக்குப் போயி, மார்க்கெட்டெல்லாம் அலைஞ்சு, சுறா இல்லேன்னு திருக்கைய வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. ஆயா திட்டுன திட்டு லயம் பூரா கேட்டுச்சு. அப்புறம் அந்தத் திருக்கையவே அவிச்சு, உதுத்து, பூண்ட அள்ளிப் போட்டு, மிளகு தட்டிப் போட்டுக் குடுத்துச்சு பாரு... இன்னிக்கு வரைக்கும் அந்த ருசி நாக்குல இருக்கு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அறுவது நாளுதான் அப்பல்லாம். அறுவத்தோராம் நாளு ஒன்னய ஆயாக்கிட்டயே விட்டுட்டுப் பெரட்டுல நின்னேன். காட்டுல நிக்கிறப்ப பாலு கட்டிக்கிட்டு நோவும். மரத்துப் பாலு ஒரு பக்கம், எம் பாலு ஒரு பக்கம்” என்றார். இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “இப்பச் சட்டம் மாறிருச்சாமே? தொண்ணூத்தெட்டு நாளாம்ல?” ஆமாம், 60 நாளாயிருந்த பிரசவ விடுமுறை 2023 ஜனவரி முதல் 98 நாளாகிவிட்டது. உங்களில் யாருக்காவது தெரியாதிருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்; கேட்டு வாங்குங்கள்.

இமோ பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொரிய மொழியில் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். திருக்கைக்கு வார்த்தை தெரியாமல் காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். அவர் கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பி, அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்து, “பாடுபட்டீர்கள்” என்றார். அம்மா இங்கிருந்து கை கூப்பினார். இருவருக்கும் இடையில் மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாலைக் கதை சுருக்கமானது. அந்த நாட்டுக் கேக் கடைகளில் வயதைக் கேட்டுத்தான் மெழுகுவர்த்தி கொடுப்பார்கள்; பத்துக்கு ஒரு நெட்டை, ஒன்றுக்கு ஒரு குட்டை. ஐயா வேலை முடிந்து வரும் வழியில் கேக் வாங்கி, தம் கணக்கில் இரண்டு நெட்டையும் நாலு குட்டையும் கொண்டு வந்தார். இமோ, “அவள் ஊர்க் கணக்கில் மூன்று குட்டைதான்” என்று ஒன்றைப் பிடுங்கினார். கொரியர்கள் பாடும் வாழ்த்துப் பாட்டுக்கு நமக்குத் தெரிந்த அதே மெட்டு; வார்த்தைதான் வேறு. பிறந்த நாள்காரர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் ஊரிலிருந்து கொண்டு போன சேமியாவில் பாயசம் வைத்தேன். ஹல்மொனி ஒரு வாய் குடித்துவிட்டு, “மீயில் ஏன் சீனியைக் கொட்டினாள்?” என்று இமோவின் காதில் கேட்டார். எனக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் கிண்ணத்தைக் காலி செய்தார்.

ஜூலையில் நான் புறப்பட்டபோது ஹல்மொனி ஒரு கட்டு மியோக்கைக் கொடுத்தார். இரண்டு முழ நீளம், வைக்கோல் கயிறு. “உன் அண்ணிக்கு.” எந்தப் பெட்டிக்குள்ளும் அது அடங்கவில்லை. ஐயா அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி நீளமாக ஒரு கூடு செய்தார். விமான நிலையத்தில் அளவைப் பார்த்து முகம் சுளித்த பெண், உள்ளே என்ன என்று கேட்டாள். நான் சொன்னதும் எழுந்து நின்று, ‘உடையக்கூடியது’ என்ற சீட்டை நாலு பக்கமும் தன் கையாலேயே ஒட்டினாள்.

ஆகஸ்டில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா சட்டியை ஏற்றுவதற்கு முன் நான் கிளினிக்கு மிஸ்ஸியிடம் போய்க் கேட்டு வந்தேன். இதை நீங்களும் நினைவில் வையுங்கள். இந்த இலையில் அயோடின் சத்து மிக அதிகம். தாய் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போய், அதன் கழுத்துச் சுரப்பியின் வேலையைக் கெடுக்கலாம். கொரியாவிலேயே டாக்டர்கள் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வேளையும் வேண்டாம், எப்போதாவது ஒரு சிறு கிண்ணம் போதும் என்றார் மிஸ்ஸி. தைராய்டு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அம்மா தம் கைப்பக்குவத்தில்தான் வைத்தார். பூண்டு இரட்டிப்பு, மிளகு கொஞ்சம் தாராளம். காஜாமி இங்கே கிடைக்காது. மார்க்கெட்டுக்குப் போன அப்பாவிடம் அம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவரே திருக்கை வாங்கிக்கொண்டு வந்தார்.

முப்பதாம் நாள் பெரியாச்சிக்குப் படையல். தலைவாழையிலையில் சோறு, கருவாடு, முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் வைத்து, ஓரத்தில் ஒரு கிண்ணம் கரும்பச்சைச் சூப்பையும் அம்மா வைத்தார். பூசாரி அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா புதுசா?” என்றார்.

“கொரியாக்காரப் பாட்டி ஒண்ணு குடுத்து விட்டுச்சு சாமி. நீங்க படைங்க” என்றார் அம்மா.